கடல் கடந்து செல்லும் கையெழுத்து



பெங்களூர் கண்டோன்மெண்டு ரயில் நிலையத்திற்கு அருகே, பிரேசர் டவுனையும் குக் டவுனையும் ஒட்டி, ரிச்சர்ட்ஸ் டவுன் என்றொரு பகுதி இருக்கிறது. ஒரு பூங்காவும், அதைச் சுற்றி நிழல் தரும் மரங்களும், பழைய ஓட்டு வீடுகள் சிலவும், அவற்றினிடையே எழும்பிவிட்ட மாடிக் கட்டடங்களும் கொண்ட அமைதியான இடம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டினத்தை விட்டுப் பெங்களூருக்கு வந்து தண்டு அமைத்தபோது, அப்படையோடும் அதற்குப் பின்னரும் தமிழ் வணிகரும் தொழிலாளரும் இப்பக்கங்களில் வந்து குடியேறினர். ஆற்காடு நாராயணசாமி முதலியார் போன்றவர்கள் இங்கே வாணிகத்தால் உயர்ந்து, 1873-இல் பள்ளியும் நிறுவிப் பெயர் நிலைநாட்டினர். அந்த மரபில் வந்த சிறு வணிகர்கள் இன்றும் இங்கே பலர் உள்ளனர். அவர்களில் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லி, இன்றைய பொருளுக்கு வருகிறேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழும் அந்த நண்பரின் பாட்டனார் குடியாத்தத்திலிருந்து வந்தவர். நண்பரும் அவருடைய தம்பியும் கூட்டாக ஊதுவத்தித் தொழில் நடத்துகிறார்கள். லிங்கராஜபுரத்தில் ஒரு கொட்டகை; அதில் ஏறக்குறைய இருபது பெண்கள் வேலை செய்கிறார்கள். பெங்களூர் ஊதுவத்திக்கு உலகெங்கும் பெயருண்டு என்பது நேயர்கள் அறிந்ததே. துபாயில் உள்ள ஒரு வணிகர் இவர்கள் சரக்கை அங்கே விற்கும் ஏஜெண்டாக இருக்கச் சம்மதித்தார். விலை பேசியாயிற்று, மாதிரியும் பிடித்துப்போயிற்று. "எனக்கு நீங்கள் தரும் அதிகாரப் பத்திரத்தையும், உங்கள் கூட்டு வியாபாரத்தின் பதிவுச் சான்றையும் முறைப்படி உறுதிசெய்து அனுப்புங்கள், ரமலான் மாதத்திற்கு முன் சரக்கு கடைக்கு வந்துவிட வேண்டும்" என்று அவர் எழுதினார்.

நண்பர் ஒரு நோட்டரியிடம் சென்று முத்திரை பெற்று, பத்திரத்தை அனுப்பிவைத்தார். இரண்டு வாரங்களில் அது திரும்பிவிட்டது. நோட்டரியின் முத்திரையை அங்கே ஏற்கமாட்டார்கள் என்று ஏஜெண்டு தெரிவித்தார். "நாம் தமிழ்நாட்டுக்காரர்கள் ஆயிற்றே, நம் ஊர் சர்க்கார்தானே உறுதி சொல்ல வேண்டும்" என்று எண்ணி நண்பர் சென்னைக்குப் போனார். அங்கே, பெங்களூரில் பதிவான வியாபாரத்திற்குத் தாங்கள் எதுவும் செய்ய இயலாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் முறை சரியான வாயிலைக் கண்டுபிடித்துப் போனபோது, பதிவுச் சான்றில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் அவர் பெயர் இருந்தது. அதைச் சரிசெய்வதற்குள் ஆறு வாரம் கடந்துவிட்டது. அந்த ரமலான் மாதத்து வியாபாரம் வேறொருவர் கைக்குப் போயிற்று. கொட்டகையில் ஒரு மாதம் அரை வேலைதான். "ஐயா, சரக்கில் குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், காகிதத்தில் தோற்றேனே!" என்று அவர் என்னிடம் வருந்தினார்.

அவருக்கு அன்று தெரியாதிருந்தவற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அயல்நாட்டில் நம் பத்திரத்தை ஏன் அப்படியே நம்பமாட்டார்கள்? தொலைதூரத்திலிருந்து ஒரு வரன் வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? பையனைப் பற்றி அவன் தெருவில் உள்ளவரை விசாரிப்பார்கள். அவரும் தெரியாதவரானால், அவரை அறிந்த ஒருவரைத் தேடுவார்கள். கடைசியில் தமக்கே தெரிந்த ஒருவர் சொல்லும்போது மனம் நிறைவார்கள். பத்திரங்களை உறுதிசெய்யும் முறையும் அதுவே. உங்கள் கையெழுத்தை நோட்டரி அறிவார். நோட்டரியையோ உங்கள் கம்பெனியையோ உள்ளூர் வர்த்தக சபை அறியும். வர்த்தக சபையின் கையெழுத்தை டில்லியிலுள்ள வெளிநாட்டு விவகார அமைச்சகம் அறியும். அமைச்சகத்தின் கையெழுத்தை அந்நாட்டுத் தூதரகம் அறியும். தூதரகத்தின் கையெழுத்தை அந்நாட்டு அரசு அறியும். ஒவ்வொருவரும் தமக்கு முன்னே ஒப்பமிட்டவரை மட்டுமே உறுதிசெய்கிறார். இந்தத் தொடரில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்தவர் கைவைக்க மாட்டார்.

நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. 1088-ஆம் ஆண்டில், சுமத்ராத் தீவின் பரூஸ் என்னுமிடத்தில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்து வைத்தனர். கடல் கடந்த இடத்தில் குழுவின் பெயரே தனி வணிகனுக்கு உறுதியாக நின்றது. பிற்காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், மூன்றாண்டுத் தவணையில் அனுப்பிய ஏஜெண்டுகளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தந்தே தொழில் நடத்தினர். அவர்களுடைய விலாசம் என்னும் முதலெழுத்துகள் ரங்கூனிலும் பினாங்கிலும் செல்லுபடியாயின. அன்று குழு தந்த உறுதியை இன்று அரசுகள் தருகின்றன, வேறுபாடு அவ்வளவே.

அரசுகள் தரும் இந்த உறுதி இரு வகைப்படும். அயல்நாட்டுக்குப் பத்திரம் அனுப்ப எண்ணுவோர் முதலில் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

முதல் வகை அப்போஸ்டில் எனப்படுவது. 1961-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதில் சேர்ந்த நாடுகள், நான் மேலே சொன்ன நீண்ட தொடரின் பின்பகுதியை வெட்டிவிட்டன. பத்திரம் புறப்படும் நாட்டின் அரசு ஒரே ஒரு சான்றை அதனோடு இணைத்தால் போதும். தூதரகத்திற்குப் போக வேண்டியதில்லை. அந்தச் சான்று பக்கம் ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரமாக, பத்து எண்ணிட்ட விவரங்களுடன், பிரெஞ்சு மொழித் தலைப்போடு இருக்க வேண்டும் என்று உடன்படிக்கையே மாதிரி வகுத்திருக்கிறது. இந்தியாவுக்கு இவ்வுடன்படிக்கை 2005-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன. ஓமன் 2012-லும், பஹ்ரைன் 2013-லும், சிங்கப்பூர் 2021-லும், சவுதி அரேபியா 2022 டிசம்பரிலும், கானடா 2024 ஜனவரியிலும் இம்முறைக்குள் வந்தன. ஆகவே, "போன தடவை சவுதி தூதரகத்திற்குப் போனோமே" என்ற பழைய அனுபவம் இன்று உதவாமற் போகலாம்.

இரண்டாம் வகை, உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு உரியது. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத்து ஆகியவற்றுக்குச் செல்லும் பத்திரங்கள் இவ்வழியில் செல்பவை. இங்கே அமைச்சகத்தின் சான்றொப்பத்திற்குப் பின் அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்பமும் வேண்டும். அமீரகத்தைப் பொறுத்தவரை, பத்திரம் அங்கே சென்றதும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகமும் ஒப்பமிட வேண்டும். அதை அரபு மொழியில் பெயர்ப்பதானால், அங்கே உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டே பெயர்க்க வேண்டும். நண்பருடைய பத்திரம் துபாய்க்குப் போவது. அது நோட்டரியோடு நின்றபோது, இத்தனை படிகளில் முதற்படியில்தான் நின்றது.

இரு நாடுகளும் உடன்படிக்கையில் இருந்தாலே போதும் என்றும் எண்ணிவிடலாகாது. புதிதாகச் சேரும் நாட்டை ஏற்க மறுக்கும் உரிமை மற்ற நாடுகளுக்கு உண்டு. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி அவ்வாறு மறுப்புத் தெரிவித்தது. ஆகையால் ஜெர்மனிக்கு அனுப்பும் பத்திரத்திற்கு அப்போஸ்டில் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இராமல், அந்நாட்டுத் தூதரகம் என்ன கேட்கிறது என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். பத்திரத்தைப் பெறப்போகிறவர் வங்கியோ, அரசு அலுவலகமோ, வழக்கறிஞரோ, அவரிடமே "உங்களுக்கு எவ்வகை உறுதி வேண்டும்?" என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது எல்லாவற்றிலும் சிறந்தது. அந்த ஒரு கடிதம் பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

இனி, எங்கே தொடங்குவது என்பதைச் சொல்கிறேன். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மயக்கம் தருவது இதுவே.

பத்திரம் எங்கே பிறந்ததோ அங்கேதான் அதன் பயணம் தொடங்கும். நாம் எந்த ஊர்க்காரர், எந்த மொழி பேசுகிறவர் என்பது இதில் பொருட்டன்று. பெங்களூரில் பதிவான கூட்டு வியாபாரத்தின் பத்திரத்திற்குக் கர்நாடகத்திலுள்ள வர்த்தக சபையே முதல் உறுதி தர வேண்டும். 1916-ஆம் ஆண்டில் விசுவேசுவரய்யா அவர்களின் முயற்சியால் மைசூர் வர்த்தக சபையாகத் தோன்றி, இன்று கர்நாடக வர்த்தக தொழில் சபைகளின் கூட்டமைப்பாக விளங்குவது இவ்வூரில் உள்ளது. சென்னையில் பதிவான கம்பெனியானால், 1836-இல் தோன்றிய சென்னை வர்த்தக சபையும், 1909-இல் தோன்றிய தென்னிந்திய வர்த்தக சபையும் இருக்கின்றன. வாணிகப் பத்திரங்களுக்கு முதலில் வர்த்தக சபை, பின்னர் வெளிநாட்டு விவகார அமைச்சகம் என்பதே வகுக்கப்பட்ட வரிசை.

இதே நண்பரின் தம்பி மகள் வேலூரில் படித்துப் பட்டம் பெற்றவள். அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அண்ணன் பட்ட பாட்டைக் கண்ட தம்பி, இம்முறை எல்லாவற்றையும் பெங்களூரிலேயே முடித்துவிட நினைத்தார். அதுவும் தவறே. பட்டம் தமிழ்நாட்டில் வழங்கப்பட்டது. ஆகவே அதற்குத் தமிழ்நாட்டு அரசின் உறுதியே முதலில் தேவை. ஒரே குடும்பத்தில் ஒரு பத்திரம் பெங்களூரிலும் மற்றொன்று சென்னையிலும் தொடங்குவதில் வியப்பில்லை. பிறப்பு, திருமணச் சான்றுகளுக்கும் இவ்விதியே பொருந்தும். கல்விச் சான்றையும் குடும்பச் சான்றையும் வர்த்தக சபைக்கு எடுத்துச் செல்வதோ, வாணிகப் பத்திரத்தைக் கல்வித் துறைக்கு எடுத்துச் செல்வதோ வீண் அலைச்சல்.

முன்பெல்லாம் கடைசிப் படிக்கு டில்லிக்குத்தான் போக வேண்டும். 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அமைச்சகத்தின் இப்பணி பல நகரங்களுக்குப் பரவலாக்கப்பட்டது. பெங்களூரும் சென்னையும் அவற்றில் அடங்கும். பத்திரங்களை நேரில் வாங்கும் பணியை அமைச்சகம் சில ஏஜென்சிகளிடம் ஒப்படைத்திருக்கிறது. அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் பத்திரத்திற்கு 50 ரூபாய். ஏஜென்சியின் சேவைக் கட்டணம் தனி. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகரிடம், "இதில் சர்க்காருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்கத் துணிவு பிறக்கும். தரகர் எல்லாரும் ஏமாற்றுவோர் அல்லர். ஆனால் வர்த்தக சபைக்கே போகாமல் மூன்று நாளில் எல்லா முத்திரையும் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். அப்போஸ்டில் சான்றுக்கு எண் உண்டு. அதை வழங்கும் அரசு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. அயல்நாட்டு அலுவலர் அந்த எண்ணைச் சரிபார்க்கக் கூடும். போலி முத்திரை வெளிப்பட்டால், தரகர் மறைந்துவிடுவார். பத்திரத்தில் பெயருள்ளவரே பதில் சொல்ல நேரும்.

அடுத்து, பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழரான நாம் தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதுகிறோம். எடுத்துக்காட்டாக, முருகேசன் மகன் செல்வம் என்பவர் மு. செல்வம் என்று எழுதுவார். பள்ளிச் சான்றில் அப்படியே இருக்கும். பாஸ்போர்ட்டில் செல்வம் முருகேசன் என்று விரிந்திருக்கும். கூட்டு வியாபாரப் பதிவில் செல்வம் மு. என்று பின்னால் போயிருக்கும். நமக்கு மூவரும் ஒருவரே. துபாயிலோ டொராண்டோவிலோ மேசைக்கு அப்பால் இருப்பவருக்கு அவர்கள் மூன்று பேர். சில இடங்களில் தந்தையின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டு நம்மை அழைக்கவும் செய்கிறார்கள்.

இதற்கு வழி எளியது. அதிகாரப் பத்திரம் எழுதும்போதே, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை முழுமையாக எழுதி, "பதிவுச் சான்றில் இன்ன பெயரால் குறிக்கப்படுபவரும் இவரே" என்று ஒரு வரி சேர்த்து, பாஸ்போர்ட் எண்ணையும் குறித்துவிடுங்கள். வேறுபாடு பெரிதானால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி உடன் வையுங்கள். தமிழில் கையெழுத்திடுவோர் தமிழிலேயே இடலாம், அதனால் குற்றமில்லை. ஆனால் எல்லாப் பத்திரத்திலும் அதே கையெழுத்து இருக்க வேண்டும். ஒன்றில் தமிழிலும் மற்றொன்றில் ஆங்கிலத்திலும் இட்டால் ஐயம் எழும்.

பத்திரம் எழுதும் முறையிலும் சில செய்திகளைக் கவனிக்க வேண்டும். கூட்டு வியாபாரமானால், ஒரு கூட்டாளி மட்டும் கையெழுத்திட அதிகாரம் உண்டா என்பதைக் கூட்டு ஒப்பந்தத்தில் பாருங்கள்; ஐயமானால் எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்திடுவதே நன்று. கம்பெனியானால், இயக்குநர் குழுவின் தீர்மானத்தை உண்மை நகலென்று ஒப்பமிட்டு இணைக்க வேண்டும். ஏஜெண்டுக்குத் தரும் அதிகாரம் எதற்கு, எவ்வளவு காலத்திற்கு, எந்த நாட்டில் என்பதை வரையறுத்து எழுதுங்கள். "எல்லாவற்றையும் செய்யலாம்" என்று எழுதிவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் உண்டு. இங்குள்ள உரிமங்கள் பல கன்னடத்தில் இருக்கும். அவற்றை மொழிபெயர்த்து அனுப்பும்போது மூலத்தையும் உடன் வைக்க வேண்டும். மூலப் பத்திரத்தைப் பாதுகாப்பதாக எண்ணிப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவிடாதீர்கள். முத்திரை குத்த இடமிராது.

சரக்கோடு செல்லும் காகிதங்கள் வேறு. இன்ன நாட்டில் உற்பத்தியானது என்று சொல்லும் சான்று, ஏற்றுமதி இறக்குமதி உரிமங்கள் முதலிய, வாணிகத்தையும் சுங்கத்தையும் நேராகப் பற்றிய நிர்வாகப் பத்திரங்களை ஹேக் உடன்படிக்கை தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. அவற்றுக்கு என்ன தேவை என்பது அந்தந்த நாட்டின் சுங்க விதியையும், இந்தியா அந்நாட்டோடு செய்துகொண்ட வாணிக ஒப்பந்தத்தையும் பொறுத்தது. அமீரகத்தோடு செய்த ஒப்பந்தம் 2022 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சுங்கச் சலுகை பெறுவதற்கான உற்பத்திச் சான்றை மின்னணு வழியில் விண்ணப்பித்துப் பெறலாம். ஏஜெண்டின் அதிகாரப் பத்திரமும் சரக்கின் சான்றும் ஒரே வழியில் போகும் என்று கருதி இரண்டையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

எதிர்த் திசையில் வரும் பத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் கூட்டாளியோ உடன்பிறந்தவரோ அயல்நாட்டில் இருந்துகொண்டு, இங்குள்ள கடையையோ ஊரிலுள்ள நிலத்தையோ விற்க உங்களுக்கு அதிகாரம் தரக்கூடும். அவர் அங்குள்ள நோட்டரி முன்னோ, இந்தியத் தூதரக அதிகாரி முன்னோ கையெழுத்திடலாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் தூதரக அதிகாரிகளுக்கு இந்த அதிகாரத்தை அளிக்கிறது. அவ்வாறு வந்த பத்திரத்திற்கு, அது இந்தியாவை வந்தடைந்த நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, விற்கும் நாளில் எடுத்துச் சென்றால் அபராதத்திற்கு ஆளாக நேரும்.

ஒரு செய்தியை மட்டும் மறக்கலாகாது. இத்தனை முத்திரைகளும் சேர்ந்து சொல்வது, "இந்தக் கையெழுத்து உண்மையானது, இட்டவர் இன்ன பதவியில் இருப்பவர்" என்பதே. உள்ளே எழுதியிருக்கும் செய்தி மெய்யா என்பதற்கு எந்த முத்திரையும் பொறுப்பேற்பதில்லை. அது எழுதியவரின் பொறுப்பு. பொய்யான கணக்கின் மேல் பத்து முத்திரை குத்தினாலும் அது மெய்யாகிவிடாது. நேர்மையான வணிகனுக்கு முத்திரை துணை நிற்கும். அவ்வளவே அதன் வேலை.

நண்பரின் கதை அந்த ரமலானோடு முடிந்துவிடவில்லை. பெயரைத் திருத்தி, வர்த்தக சபையில் உறுதி பெற்று, அமைச்சகம், தூதரகம் என்று ஒவ்வொரு படியாகக் கடந்து அவர் பத்திரம் துபாய் சேர்ந்தது. அந்த ஏஜெண்டு ஒரு பருவத்தை இழந்தும் பொறுமையோடு காத்திருந்தார். அடுத்த ஆண்டு சரக்கு குறித்த நாளில் கடைக்குப் போயிற்று. இன்று நண்பரின் மேசை இழுப்பறையில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. எந்த நாட்டுக்கு எந்த வழி, யார் யார் ஒப்பம், எத்தனை நாள் ஆயிற்று என்று தம் கையாலேயே குறித்து வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்துச் சிறு வணிகர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். கொட்டகையில் வேலை செய்யும் ஒரு பெண்மணியின் மகன் மஸ்கட்டுக்குப் போகும்போதும் அந்தக் காகிதமே வழிகாட்டிற்று.

பிழைப்பைத் தேடி ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கு வந்தவர்கள் நாம். நம்மில் பலருடைய சரக்கும் பிள்ளைகளும் இப்போது அதற்கும் அப்பால் செல்கின்றனர். வீட்டிலுள்ள பத்திரங்களை இந்த வாரமே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்; எது எங்கே பிறந்தது, எதில் பெயர் எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். தேவை வரும் நாளில் ஆறு வாரம் மிச்சமாகும்.